உணவு நீதி என்றால் என்ன? ரேஷன் அரிசி கிடைக்கும்போது அது எதற்கு?

எல்லோருக்கும் சத்தான சாப்பாடு கிடைக்க வேண்டும், அதை விளைவித்தவர் வயிறும் நிறைய வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உணவு நீதி.

நீலகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கேத்திப் பக்கம் கேரட் போடுபவர் மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார், வண்டி வாடகை, சுமைகூலி, கமிஷன் எல்லாம் அவர் கணக்கில்தான், ஆனால் விலையைச் சொல்வது வாங்குபவர். பச்சைத் தேயிலை இன்னும் மோசம், பறித்த அன்றே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும், வைத்திருந்து விற்க வழியே இல்லை. விலை சரிந்தால் அந்த வீட்டில் முதலில் குறைவது பருப்பும் முட்டையும்தான். விளைச்சல் இல்லாமல் வரும் பசி இல்லை இது, பேரம் பேசும் பலம் இல்லாமல் வருவது.

கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைக்கிறோம் இல்லையா, அன்னதானமும் இலவச அரிசியும் அப்படித்தான். இன்றைக்கு அது கட்டாயம் வேண்டும், ஆனால் கூரையில் உடைந்த ஓடுகளையும் மாற்ற வேண்டுமே! சிறு விவசாயிகளே உறுப்பினர்களாக இருக்கும் இண்ட்கோசர்வ் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் அந்த வகை வேலை. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கேழ்வரகை மலைச் சரிவில் பயிரிடுபவர்களிடமே வாங்கினால் இன்னும் நல்லது, ஒரு காலத்தில் இங்கே விளைந்த தானியம்தானே அது.

அப்புறம், விவசாயிக்கு நல்ல விலை கொடுத்தால் ஏழைக்குச் சாப்பாட்டு விலை ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஷனுக்கு அரசு கொள்முதல் செய்யும்போது அந்த விலை வித்தியாசத்தை அரசுதான் ஏற்கிறது, கார்டுதாரர் தலையில் விழுவதில்லை.