பண்ணைக்குட்டையில் பச்சை ஏடு: வருமுன் அறிவது எப்படி?

கேள்வி: நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். கோடை மழைக்குப் பிறகு எங்கள் பண்ணைக்குட்டையின் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் ஏடு படர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் கலப்பினப் பசு தீவனம் எடுக்கவில்லை. மடியின் வெள்ளைத் தோல் சிவந்து உரிகிறது. மண்டபம் பக்கம் கடல் பச்சையானதாகப் படித்தேன். இதுவும் அதுதானா? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா? அடுத்த முறை முன்னதாகவே அறிய வழி உண்டா?

பதில்: முதலில் பசுவை நிழலில் கட்டி, ஊற்றுத் தண்ணீர் கொடுத்து, 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பச்சைத் தீவனம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு நிறமியைப் பித்தத்தோடு வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் கெட்டால் அது இரத்தத்தில் தங்கி, வெள்ளைத் தோலில் வெயில் பட்டதும் புண்ணாக்குகிறது. உங்கள் குட்டையில் படர்ந்திருக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு இதைச் செய்யும். உண்ணிச்செடியை மேய்ந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், மேய்ச்சல் இடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கென்று தனி மாற்று மருந்து இல்லை; சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பசு தேறும்வரை பாலை விற்க வேண்டாம்.

ஏட்டில் ஒரு குச்சியை விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி; சாயம்போல் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசி என்றே கொள்ளுங்கள். கையுறை அணிந்து கொள்வது நல்லது. தீவனமாகப் பயன்படும் மிதக்கும் நீர்ச்செடியான அசோலா என்று எண்ணி இதை அள்ளித் தீவனத்தில் கலப்பவர்களும் உண்டு. அசோலாவுக்குச் சிற்றிலையும் வேரும் இருக்கும், இதற்கு இரண்டும் இல்லை.

மண்டபம் கடலில் 2019 செப்டம்பரில் பெருகியது நாக்டிலூகா என்னும் வேறோர் உயிரி. அது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்து மீன்களை மூச்சுத் திணற வைத்தது. உங்கள் குட்டையிலோ குடிக்கும் நீரே நஞ்சாகிறது. கடலுக்கு முன்னறிவிப்பு உண்டு: ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியாகக் கடல்நீரின் பச்சையத்தையும் வெப்பத்தையும் கண்காணித்துத் தகவல் தருகிறது. ஆனால் அத்தகைய படங்களில் ஒரு புள்ளியே சில நூறு மீட்டர் அகலம் என்பதால் உங்கள் குட்டை அதில் தெரியாது. இங்கே நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு நம் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நீலகிரியின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. நாம் இடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் கோழி எருவிலும் உள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) அவை இறுகப் பிடித்துக்கொள்வதால், அது தண்ணீரில் கரைந்து போவதைவிட, சரிவில் அரிக்கப்படும் மண்ணோடு சேர்ந்தே குட்டைக்கு வருகிறது. பல போகத்து மணிச்சத்து இப்படி அடி வண்டலில் சேர்ந்து கிடக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேல்நீர் சூடாகிக் காற்றும் அடங்கினால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது இரும்பு தன் பிடியை விட, மணிச்சத்து நீரில் கலக்கிறது. அதன்மேல் கோடை மழையும் புது மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே, நீர்போக (ஆண்டுத் தொடக்கத்துப் பாசனப் பருவ) உருளைக்கிழங்குக்குப் பாசனம் செய்யும் நாட்களிலிருந்தே ஒரு வெள்ளைத் தட்டில் கல்லைக் கட்டி, முழத்துக்கு முழம் முடிச்சிட்ட கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று வாரந்தோறும் குறித்து வாருங்கள். மழையால் கலங்காத நீரில் அந்த ஆழம் வாராவாரம் குறைந்து, நிறமும் பச்சையாகி, அடிச்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், ஏடு தெரியும்வரை காத்திராமல் மாடுகளுக்குக் குட்டையை மூடிவிடுங்கள். விடியற்காலையில், காற்று ஒதுக்கும் கரையில் பாருங்கள். இந்தப் பாசி காற்றறைகளால் மிதந்து அமைதியான வேளையில் மேலே வரும், பிற்பகல் அலையில் கலைந்துவிடும் என்பதால், பிற்பகலில் தெளிவாகத் தெரியும் குட்டையை நம்பக் கூடாது. 1878இல் தென் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கால்நடைகள் மடிந்ததைப் பதிவு செய்த ஜார்ஜ் பிரான்சிஸும் காற்று ஒதுக்கிய கரையில்தான் தடித்த ஏட்டைக் கண்டார். பச்சைப் பெயிண்ட் என்ற உங்கள் உவமை அவர் குறிப்பிலும் உண்டு.

மயில்துத்தம் இப்போது வேண்டாம். அது பாசியைக் கொல்லும்போது உயிரணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சு முழுவதும் ஒரேயடியாக நீரில் கலக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. மயில்துத்தத்திலுள்ள தாமிரமோ வண்டலில் தங்கிவிடும். பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் இருந்தால், செம்மறிக்குத் தாமிரம் சிறிதளவு மிகுந்தாலே ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏடு முற்றிலும் மறைந்து சில வாரங்கள் ஆகும்வரை, இந்த நீரை முட்டைகோஸ், கீரை போன்ற இலைப்பயிர்கள்மேல் ஸ்பிரிங்க்ளரில் தெளிக்காதீர்கள். கேரட் கழுவவும் வேண்டாம். வரும் கோடையில் நீர் வற்றும்போது வண்டலை அள்ளி மேல் வயலுக்கே ஏற்றி மண்ணோடு கலந்துவிடுங்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய மணிச்சத்துதான் அது. குட்டைக்கு நீர் வரும் வாய்க்காலில் ஒரு வண்டல் குழி வெட்டி, அதற்கு மேலே சரிவுக்குக் குறுக்காகப் புல்வரப்பு அமையுங்கள். கார்போக (மழையை நம்பிய பருவ) விதைப்புக்கு முன்பே இவை முடிந்திருக்க வேண்டும். புதிதாகக் கொத்திய நிலத்தில் முதல் பெருமழைதான் மிகுதியான மண்ணை இறக்கும்.