கேள்வி-பதில்: வறண்ட தோலுக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

மார்கழிப் பனியோடு சேர்ந்து தோல் வறட்சி பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. காசு அதிகம் போகாமல், இயற்கையான பொருளாகவும் பார்த்து எதை வாங்குவது என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வாசகி, கோத்தகிரி): குளிர் வந்தால் என் கை கால் எல்லாம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது. ‘இயற்கைத் தேங்காய், பாதாம் லோஷன்’ என்று போட்டிருந்ததை 200 மில்லி 450 ரூபாய்க்கு வாங்கினேன். சிறு வயதில் அம்மா தேங்காய் எண்ணெய்தான் தேய்த்துவிடுவார். அதுவே போதுமா? லோஷன் புட்டியின் பின்பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: எழுதி அனுப்பியது மிகவும் நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. முதலில் தண்ணீர், அடுத்து மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது), கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், பீனாக்ஸிஎத்தனால். அதற்குப் பிறகுதான் பாதாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய், கடைசியில் வாசனை.

அழகுசாதனப் பொருள்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ந்திருப்பவற்றை, அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. பீனாக்ஸிஎத்தனால் என்பது லோஷன் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. அப்படியானால் அதற்குப் பின்னால் நிற்கும் பாதாமும் தேங்காயும் ஒரு சதவீதத்தைத் தாண்டியிருக்க வழியே இல்லை. உங்கள் 200 மில்லி புட்டியில் ஒவ்வொன்றும் 2 மில்லிக்கு மேல் இராது. முன்பக்கம் முழுக்கத் தேங்காய் மூடியையும் பாதாமையும் படமாகப் போட்டுவிட்டு உள்ளே இவ்வளவு மட்டும் சேர்ப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இனி எந்த லோஷனை எடுத்தாலும் பீனாக்ஸிஎத்தனால் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதற்குக் கீழே இருக்கும் எண்ணெய்களெல்லாம் வெறும் பெயருக்குத்தான்.

லோஷன் கெடுதல் என்று சொல்லவில்லை. மினரல் ஆயிலும் கிளிசரினும் வறட்சிக்கு நன்றாகவே வேலை செய்யும். தோல் வறண்ட 34 பேரை வைத்துப் பிலிப்பைன்ஸில் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்து 2004இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குத் தேங்காய் எண்ணெய், மறு சாராருக்கு மினரல் ஆயில். நாளுக்கு இரண்டு முறை, இரண்டு வாரம் கால்களில் தடவினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பலன் தந்தன. ஆக, உங்கள் அம்மா செய்தது சரி. லோஷனும் வேலை செய்யும். ஆனால் மில்லிக்கு 2 ரூபாய் 25 காசு கொடுத்து, அதில் பெரும்பகுதி தண்ணீராக வாங்க வேண்டியதில்லை.

தேங்காய் எண்ணெயும் இப்போது மலிவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025இல் அது ஏறிய ஏற்றத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய மாதங்கள் உண்டு. 500 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கிராம் 50 காசுதான் ஆகிறது. இரு கைகளுக்கும் கால்களுக்கும் சேர்த்து இரண்டு தேக்கரண்டி தாராளம்.

எப்போது தடவுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரம் வெளியேறாமல் மூடிவைக்கிறது. காய்ந்து போன தோலில் தடவினால் மினுமினுப்பு வரும், வறட்சி அவ்வளவாகக் குறையாது. குளித்துத் துண்டால் ஒற்றியெடுத்ததும், தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவிவிடுங்கள். மலையூரில் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கும் பழக்கத்தையும் குறைக்க வேண்டும். சூடான தண்ணீர் தோலின் சொந்த எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும், வெதுவெதுப்பே போதும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் உங்கள் ஊரில் புட்டியைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தீபத்துக்கென்று விற்கும் எண்ணெய் மலிவு என்பதற்காக அதை உடம்பில் தேய்க்காதீர்கள். அது விளக்குக்கு மட்டும்தான். கூந்தல் எண்ணெய் என்று அச்சிட்டதில் வாசனையும் வேறு எண்ணெயும் கலந்திருக்கலாம். சமையல் எண்ணெயாக விற்கும் பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும்; அதைப் பார்த்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சுத்தமானது முழுவதும் உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனிப் படலமாக நிற்கும். பாமாயில் தரும் பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் இதேபோல் உறையும் என்பதால் இந்தச் சோதனையை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வாசனை பிடிக்காதவர்கள் சூரியகாந்தி எண்ணெய் தடவலாம். ஆலிவ் எண்ணெய் வேண்டாம். விலையும் அதிகம், அதிலுள்ள ஓலியிக் அமிலம் வறண்ட தோலின் மேற்படலத்தை இன்னும் தளர்த்திவிடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முகத்தில் பரு வருகிறவர்கள் தேங்காய் எண்ணெயைக் கழுத்துக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அவர்களுக்குக் கிளிசரின் ஏற்றது. மருந்துக் கடையில் ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தர நூலின்படி தயாரித்தது) என்று அச்சிட்ட கிளிசரினாக வாங்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் கலந்து தடவலாம். பன்னீர் கலக்க ஆசைப்பட்டால், பூஜைக் கடையில் தெளிப்பதற்கென்று விற்பதை வாங்க வேண்டாம்; அதில் செயற்கை வாசனை இருக்கலாம். தண்ணீர் கலந்த எதுவும் கெடும் என்பதால் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் கலந்து வையுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): உதடு வெடித்து இரத்தம் கசிகிறது. வீடியோ பார்த்து எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துத் தேய்க்கிறேன். எரிகிறது, ஆனால் தோல் உரிந்து மென்மையாகிறது. தொடரலாமா? லிப் பாம் வாங்குவதற்கு வீட்டில் பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: இன்றே நிறுத்துங்கள். எரிச்சல் என்பது உதடு உங்களிடம் வேண்டாம் என்று சொல்வதுதான். வெடிப்பில் சர்க்கரைப் பருக்கையைத் தேய்த்தால் புண் ஆழமாகும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரலாம். மதுரை வெயிலில் அந்த ஆபத்து வேண்டாம்.

உதட்டில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. அதனால் அது முதலில் காய்கிறது, நாமும் நாக்கால் ஈரப்படுத்துகிறோம். எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. எச்சிலில் உள்ள செரிமானப் பொருள்கள் மெல்லிய தோலை அரிக்கவும் செய்யும். நாக்கால் நனைப்பதை விட்டாலே பலருக்குப் பாதி குணமாகிவிடும்.

தடவுவதற்கு வீட்டிலேயே நெய் இருக்குமே. படுக்கும் முன் ஒரு துளி, சாப்பிட்டு வாய் கழுவியதும் ஒரு துளி. பகலில் நெய் வாசனை கூச்சமாக இருந்தால் மருந்துக் கடையில் வாசனையற்ற வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியின் ஆகச் சிறிய டப்பாவை வாங்குங்கள். அது இயற்கைப் பொருள் இல்லைதான். கச்சா எண்ணெயிலிருந்து வருவது. ஆனாலும் ஈரத்தை மூடிவைப்பதில் அதற்கு நிகராக இன்னொன்றை அந்த விலைக்கு நான் பார்த்ததில்லை. இயற்கைதான் வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்து, கொதிநீரின் மேல் பாத்திரம் வைத்து உருக்கி ஆறவிடுங்கள். தோழிகள் நான்கு பேர் பங்கு போட்டுச் செய்தால் செலவு தெரியாது.

குளுகுளுவென்று இருக்கும் புதினா, கற்பூரம் சேர்ந்த பாம்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் குளிர்ச்சியே உதட்டை உறுத்தி மறுபடி தடவச் சொல்லும். காரமான புதினாப் பற்பசையையும் சில வாரம் மாற்றிப் பாருங்கள். வாயின் ஓரங்கள் மட்டும் வெடித்துப் புண்ணாகின்றன என்றால் இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். அதற்கு நெய் தடவிக்கொண்டிருக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

கேள்வி (வாசகி, திருப்பூர்): மெஸ்ஸில் பாத்திரம் துலக்கும் வேலை. நகங்கள் அடுக்கடுக்காகப் பிளந்து உடைகின்றன. மருந்துக் கடையில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் நகத்தை உடைப்பது தண்ணீர். நாள் முழுக்க நனைந்து ஊதி, காய்ந்து சுருங்கி, மறுபடி நனைந்து ஊதுவதில் நகத்தின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. சலவைத்தூளும் பாத்திரக் கட்டியும் மிச்சமிருக்கும் எண்ணெயையும் எடுத்துவிடுகின்றன. எனவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜோடி ரப்பர் கையுறை. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் வியர்வையில் ஊறாது. வேலைக்குத் தேவையான பொருள் அது. மெஸ் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இரவு கையை வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஒற்றித் துடைத்து, உடனே நகத்திலும் நகக்கண்ணிலும் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டுப் படுங்கள். அது பிசுபிசுவென்று கெட்டியாக இருப்பதால் நகத்தை விட்டு எளிதில் வழியாது. இதற்கும் மருந்துக் கடையில் உள்ளுக்குச் சாப்பிடக் கொடுக்கும் தரத்தில் சின்னப் புட்டி கேளுங்கள். நகத்தைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சை எடுக்கும் அசிட்டோன் கொஞ்ச நாள் வேண்டாம்.

விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர ஆறு மாதம் ஆகும். பத்து நாளில் பலன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பயோட்டினுக்குச் செலவழிக்கும் முன் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். நகம் கரண்டிபோல் குழிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டும். ஏற்கெனவே பயோட்டின் சாப்பிடுகிறவராக இருந்தால் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் சோதனையையும் தவறாகக் காட்டச் செய்யும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது.

கேள்வி (வாசகர், தருமபுரி): எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர். சோப்புக்குப் பதில் கடலை மாவு, முல்தானி மண் தேய்க்கலாமா?

பதில்: இரண்டும் எண்ணெயை உறிஞ்சுபவை, எண்ணெய் வழியும் முகத்துக்குப் பொருந்தலாம், வறண்ட உடம்புக்கு இல்லை. பயத்தம் மாவைக் கொஞ்சம் பாலேட்டில் குழைத்துத் தேய்ப்பது பரவாயில்லை. சோப்பே போடுவதானால் உறையில் ‘டி.எஃப்.எம்.’ என்று இருப்பதைப் பாருங்கள். சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. முதல் தரம் என்றால் குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். ‘பேதிங் பார்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது இந்தத் தர வரிசையில் வராது. அக்குள், தொடை இடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் சோப்பு தேவையில்லை. உப்புத் தண்ணீரில் நுரை வராது என்று அதிகமாகத் தேய்ப்பதுதான் பலருக்கு வறட்சியைக் கூட்டுகிறது.

வறட்சியால் குதிகாலும் வெடித்து, நீரிழிவும் உள்ளவராக இருந்தால் அந்த வெடிப்பைக் கல்லால் உரசாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (வாசகி, கடலூர்): பொருட்காட்சியில் ‘100% இயற்கை’ என்று விற்ற கிரீம் வாங்கினேன். வறட்சியும் போகும், நிறமும் கூடும் என்றார்கள். மூன்றாம் நாள் முகம் தடித்துவிட்டது. டப்பாவில் முகவரியே இல்லை. என்ன செய்வது?

பதில்: கிரீமை நிறுத்திவிட்டு முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். டப்பாவை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள். நிறம் கூட்டுவதாகச் சொல்லும் பெயரில்லாத கிரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருந்த சம்பவங்கள் உண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. அதனால் கிரீம் பூசியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், உள்ளடக்கம், தயாரித்த மாதம் எதுவும் இல்லாமல் அழகுசாதனப் பொருளை விற்பதே சட்டவிரோதம். இந்தக் கிரீமைப் பற்றி உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். ‘இயற்கை’ என்ற சொல்லை ஆதாரமில்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறை வெளியிட்டிருப்பதையும் புகாரில் குறிப்பிடுங்கள். இழப்பீடு கோருவதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் எதிர்த்தரப்பு யார் என்று சொல்ல வேண்டும். ரசீது இல்லாவிட்டால் பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவைத் தேடுங்கள். அதில் விற்றவரின் பெயர் இருக்கும். பொருட்காட்சி நடத்தியவர்களிடம் கடைகளின் பட்டியலும் இருக்க வேண்டும். அதை எழுதிக் கேளுங்கள். முகம் தடித்திருக்கும் இப்போதே தேதி தெரியும்படி புகைப்படமும் எடுத்துவிடுங்கள், வீக்கம் வடிந்த பிறகு அது கிடைக்காது.