“அப்பாவைக் கூட்டிட்டு வா”

வணக்கம் அம்மா,

தென்மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மூன்று வருடமாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள். அவளுடைய ப்ராஜெக்ட் கைடு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் மெசேஜ் அனுப்புவது, மாலையில் எல்லோரும் போன பிறகு ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்வது என்று ஆரம்பித்து, கடைசியில் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் உதறியதற்கு “உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா” என்று கேட்டிருக்கிறார். அவள் பட்டியல் சாதிப் பெண். பிரின்சிபாலிடம் சொன்னேன். “அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, உட்கார்ந்து பேசிக்கலாம், நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார். அதைக் கேட்டதிலிருந்து அவள் புகாரே வேண்டாம் என்கிறாள். கல்லூரி இணையதளத்தைத் திறந்து பார்த்தால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் விசாகா கமிட்டியின் உறுப்பினர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரியும். பிரின்சிபால்தான் தலைவர். ஒரு கூட்டமும் நடந்ததில்லை. சம்பவம் நடந்து பத்து வாரம் ஆகிவிட்டது. நான் என்ன செய்யவேண்டும்? எனக்கு இந்த வேலை முக்கியம், அதையும் மறைக்க விரும்பவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊர், பாடம் எல்லாவற்றையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். வேலை முக்கியம் என்று எழுதியதற்காகக் கூச்சப்பட வேண்டாம். சுயநிதிக் கல்லூரிச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் பிள்ளை ஃபீஸும் கட்டுகிறவர்களிடம் வீரத்தை எதிர்பார்ப்பது, வீட்டில் சும்மா உட்கார்ந்து எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

“அப்பாவைக் கூட்டிட்டு வா.” இந்த ஒரு வரியைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும், ஏனென்றால் நம் கல்லூரிகள் புகாரைக் கையாளும் முறையே அதில்தான் இருக்கிறது.

2017 என்று நினைவு. ஒரு கல்லூரியில் விசாரணைக்கு வெளி உறுப்பினராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். செகரட்டரியின் ஏசி அறை. புகார் கொடுத்த பெண்ணும் அந்த வாத்தியாரும் எதிரெதிரே. பெண்ணின் அப்பா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ப்யூன் டீ கொண்டுவந்து செகரட்டரிக்கு, வாத்தியாருக்கு, எனக்கு, அப்பாவுக்கு என்று வைத்துக்கொண்டே போனார். அந்தப் பெண்ணுக்கு வைக்கவில்லை. அப்பா தன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் தொடவில்லை. செகரட்டரி ரொம்ப நல்ல குரலில் பேசினார். உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி, கேஸு கீஸுன்னு போனா நாளைக்கு அவளுக்கு ஒரு இடம் பார்க்கும்போது... அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பத்தே நிமிடத்தில் அப்பாவே “எழுதிக் குடுத்துரும்மா” என்றார். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அவள் எழுதினாள். அடுத்த செமஸ்டரில் அவள் இல்லை, வாத்தியார் இருந்தார். நான் அந்த டீயைக் குடித்தேன், கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வரும்போது ஆபீஸ் க்ளார்க்கிடம் புகாருக்கு இன்வர்டு நம்பர் (வந்த கடிதங்களின் பதிவேட்டு எண்) என்ன என்று கேட்டேன். அப்படி எதுவும் போடவில்லை மேடம் என்றார். அதாவது அந்தக் கல்லூரியின் கணக்கில் அப்படி ஒரு புகார் வரவே இல்லை.

உங்கள் மாணவி பயப்படுவது அந்த ஆசிரியருக்கு இல்லை என்று நினைக்கிறேன், வீட்டுக்குத்தான். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு போச்சு. இது அவளுக்குத் தெரியும், உங்கள் பிரின்சிபாலுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். இறுதியாண்டு என்கிறீர்கள், 18 தாண்டியிருப்பாள். அப்பா வந்துதான் புகாரை எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. (இதுவே முதலாண்டு மாணவியாக இருந்து வயது 17 என்றால் கதையே வேறு. அது போக்சோ, 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். அங்கே கமிட்டி, சமரசம் எதற்கும் இடமில்லை, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாகவேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம். கல்லூரிகளில் 17 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதே பல நிர்வாகங்களுக்கு உறைப்பதில்லை.)

சரி, விதி என்ன சொல்கிறது? நாம் இன்னும் விசாகா கமிட்டி என்கிறோம், அது 1997 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்த பெயர். 2013-இல் சட்டம் வந்தது, கல்லூரிகளுக்கென்று தனியாக யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதன்படி பிரின்சிபாலோ துறைத் தலைவரோ கமிட்டியில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது, தலைமை அப்புறம். மூத்த பெண் பேராசிரியர் தலைவர், ஆசிரியர் இருவர், அலுவலகத்தினர் இருவர், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்தல் மூலம் வந்த மாணவர்கள் மூவர். தேர்தல் என்ற வார்த்தையை உங்கள் கல்லூரியில் உச்சரித்துப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று. டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் 1999 முதல் மாணவப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து நடந்துவந்த குழுவையே 2017-இல் கலைத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் போர்டுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுவதோடு சரி. உங்கள் பெயரும் அப்படித்தான் ஏறியிருக்கும்.

பிரின்சிபால் தலைவராக இருப்பதை நீங்கள் எதிர்க்கவேண்டியது மாணவிக்காகத்தான். கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்று இருக்கிறது. 2009-இல் மாணவிகள் ஓர் ஆசிரியர்மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்து, குழு விசாரித்து, ஆசிரியரை வேலையை விட்டு நீக்கினார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்து, விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. குழு அவசர அவசரமாக நடத்திமுடித்தது, அவருக்குத் தன் தரப்பைச் சொல்லச் சரியான வாய்ப்பு தரவில்லை என்பதுதான் காரணம். பதினான்கு வருடம். அந்த மாணவிகள் அதற்குள் எங்கெங்கோ போயிருப்பார்கள். அதனால் அந்த ஆசிரியருக்கும் புகாரின் பிரதி போகவேண்டும், பதில் சொல்ல நாள் தரவேண்டும், சாட்சிகளைக் கேட்கவேண்டும். அவர்மேல் எனக்குப் பரிதாபம் எதுவும் இல்லை. கமிட்டி அரைகுறையாக நடந்தால் பின்னால் அவருடைய வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம். இதே காரணத்துக்காக நீங்களும் விசாரணையில் உட்காராதீர்கள். அவள் முதலில் உங்களிடம்தான் சொன்னாள், நீங்கள் சாட்சி. விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாட்சி சொல்லுங்கள்.

“உங்க ஆளுங்களுக்கு” என்ற வார்த்தை. புகாரில் இது விடுபட்டுவிடும், நான் பந்தயம் கட்டுவேன். பாலியல் சமாச்சாரம்தான் எங்கள் வேலை, சாதி விஷயத்துக்கு எஸ்சி எஸ்டி செல் இருக்கிறது என்பார்கள். அந்த செல்லுக்குப் போனால், இது கையைப் பிடித்த விவகாரம், கமிட்டிக்குப் போ என்பார்கள். அவள் கையைப் பிடித்தவனும் அந்த வார்த்தையைச் சொன்னவனும் ஒரே ஆள், ஒரே சாயங்காலம், ஆனால் கல்லூரி அவளை இரண்டாக வெட்டி இரண்டு ஃபைலில் போடும், இரண்டும் நகராது. பாகுபாட்டுப் புகார்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று 2012 யூஜிசி விதிமுறையே சொல்கிறது. அதற்கு மேல், பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே பாலியல் நோக்கத்தோடு அவளைத் தொடுவது, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் செய்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள். அவர் சொன்ன வார்த்தை எதுவோ, அதை அப்படியே, திருத்தாமல், மேற்கோள் குறிக்குள் புகாரில் எழுதச் சொல்லுங்கள். போலீசுக்குப் போவதா இல்லையா என்பது அவள் முடிவு. போகிறேன் என்றால் உதவவேண்டியது கல்லூரியின் கடமை, அதையும் சட்டம் சொல்லியிருக்கிறது.

பெயர் கெட்டுவிடும் என்பார்கள். சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரியில் 2023-இல் பாலியல் புகார் கிளம்பியபோது முதலில் எல்லாம் வதந்தி என்றுதான் சொன்னார்கள். மார்ச் கடைசியில் மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போனார், சுமார் 90 பேர் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் பாதிக்கப்பட்டவர்களா என்ன? ஒடிசா பாலசோரில் நடந்ததை எழுதவே கை வரவில்லை. ஃபகீர் மோகன் கல்லூரியில் துறைத் தலைவர்மேல் புகார் கொடுத்துவிட்டு அலைந்த பி.எட். மாணவி, 2025 ஜூலை 12 அன்று கல்லூரி வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் இறந்துபோனாள். அவள் தீ வைத்துக்கொண்ட பிறகுதான் துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் கைதானார்கள். உங்கள் பிரின்சிபால் செய்தித்தாள் படிக்கிறவர் என்றால் அவருக்கும் இது தெரிந்திருக்கும்.

ரகசியம் பற்றி அவள் கேட்பாள். கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டாஃப் வாட்ஸப் குரூப் என்று ஒன்று இருக்கிறதே. அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்ஐஆரே வெளியே கசிந்து, 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. போலீசிடமே தங்காத விஷயம் கல்லூரியில் தங்கும் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீர்கள். அம்மா, அக்கா, சித்தி என்று வீட்டில் ஒரே ஒருவரையாவது அவள் முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பிரின்சிபால் வாயிலிருந்து வீட்டுக்குப் போவதற்கும் அவள் வாயிலிருந்து போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இப்போது நாள் கணக்கு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும், தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து. காரணம் சொன்னால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர்மேலேயே வந்த புகார், கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடியாகி, உச்ச நீதிமன்றமும் 2025 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பை அவர் தன் பயோடேட்டாவில் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னது, அது ஒரு விசித்திரமான ஆறுதல். உங்கள் மாணவிக்கு மூன்று வாரம்கூட முழுசாக இல்லை.

அவள் சம்மதித்தால் மட்டும், அவள் கைப்பட எழுதட்டும். எழுத உதவுவது கமிட்டியின் கடமை என்று விதியிலேயே இருப்பதால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தேதி, நேரம், இடம், அந்த வாட்ஸப் மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட். அதே கடிதத்தில் இன்னொரு கோரிக்கை: விசாரணை முடியும்வரை இந்த ஆசிரியர் என் ப்ராஜெக்டையோ இன்டர்னல் மார்க்கையோ வைவாவையோ மதிப்பிடக் கூடாது. இதற்கு விதி இருக்கிறது, ஆனால் கேட்காமல் யாரும் தரமாட்டார்கள், அவளுடைய டிகிரி முழுக்க இப்போது அவர் கையில் இருக்கிறது. இரண்டு பிரதி. ஒன்றில் தபால் பிரிவில் சீலும் இன்வர்டு நம்பரும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்டில் கமிட்டி பெயருக்கு அனுப்புங்கள், ஈமெயிலிலும் ஒன்று. அப்புறம் அவர்கள் 90 நாளில் விசாரணையை முடித்தாகவேண்டும்.

அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்களை மட்டும் அழிக்காமல் ஒரு ஈமெயிலில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இன்வர்டு நம்பர் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதை இங்கே போடமாட்டேன்.