பக்கத்தில் உட்கார ஓர் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா தேர்வேலை செய்யும் ஸ்தபதி. நானும் மரத்தில்தான் வேலை செய்கிறேன். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் என் தம்பி போய்விட்டான். பொதிந்து கட்டித்தான் கொடுத்தார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. அந்த மே மாதம் எங்கள் ஊரில் போனவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. அவர்கள் நினைவாகக் குளக்கரையில் ஒரு மரச்சிற்பம் வைக்கலாம் என்று ஊரில் பேசி முடிவாகியிருக்கிறது. கஜா புயலில் விழுந்த இலுப்பை ஒன்று எங்கள் பட்டறையில் கிடக்கிறது. ஒன்பதடி நீளம், நல்ல வைரம் பாய்ந்தது. துக்கமும் தியானமும் ஒரே உருவத்தில் தெரிய வேண்டும் என்று, கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரை வரைந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் “புத்தரா?” என்கிறார்கள். கண்ணீர் வைத்தால் நாடகமாகிவிடுகிறது. மரம் மழையில் உளுத்துப்போகும், கருங்கல்லில் செய் என்றும் சொல்கிறார்கள். எனக்கு மரத்தை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

எம்., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அதே மே மாதம்தான் என் அம்மாவும் போனார். தகனமேடையிலிருந்து இருபதடி தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றேன். கடைசியாக ஒருமுறை அந்தக் கையைத் தொடவில்லை என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை. ஆகவே தள்ளி நின்று ஆலோசனை சொல்லும் நிலையில் நான் இல்லை.

மரத்தை விடாதீர்கள். ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக் முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காகச் செய்த இரண்டு நினைவுச்சின்னங்களைச் சொல்கிறேன். 1927-இல் கூஸ்ட்ரோ ஊர்ப் பேராலயத்துக்காக ஒன்றை வெண்கலத்தில் வார்த்தார். 1929-இல் மாக்டபர்க் பேராலயத்துக்காக இன்னொன்றை ஓக் மரத்தில் செதுக்கினார். நாஜிகள் இரண்டையும் அகற்றினார்கள். வெண்கலத்தைப் பிறகு உருக்கிவிட்டார்கள். கூஸ்ட்ரோவில் இன்று தொங்குவது மறுவார்ப்பு. மரம் தப்பிப் பிழைத்து 1950-களில் தன் இடத்துக்கே திரும்பியது. 1989 இலையுதிர்காலத்தில், கிழக்கு ஜெர்மனியில் மாற்றம் வேண்டும் என்று பிரார்த்திக்க வந்தவர்கள் அந்த மரச்சிற்பத்தின் முன்னால்தான் கூடினார்கள். மழையையும் கரையானையும் சமாளிக்க உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வழி தெரியும். கல்பீடம், மேலே ஒரு கூரை, வருடம் ஒருமுறை எண்ணெய். பழுதுபட்ட கட்டையை மாற்றி மாற்றித்தானே தேரே ஓடுகிறது!

“புத்தரா?” என்ற கேள்விக்கும் பார்லாக்கிடமே விடை இருக்கிறது. கூஸ்ட்ரோ உருவமும் கண்மூடியதுதான். கைகள் மார்பில் குறுக்காக, வாய் இறுக மூடி. ஆனால் அதற்குப் பீடம் கிடையாது, மடித்த கால்கள் கிடையாது. தரைக்கு மேலே குப்புறக் கிடைமட்டமாக மிதக்கிறது. போர்க்காலத்தில் காலமே நின்றுபோனதாக அவர் உணர்ந்தார், அதைத்தான் இப்படி மிதக்கும் உடலாகக் காட்டினார். மாக்டபர்க்கில் கீழ்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். துணியை இழுத்து முகத்தை முழுக்க மூடியிருக்கிறாள். கண்ணீருக்கு அங்கே இடமே இல்லை, இறுகிய கைகள் மட்டும்தான் தெரிகின்றன. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு முகம் எதற்கு என்று தோன்றிவிடும்.

இன்னொரு சிற்பம், உங்கள் துக்கத்துக்கே நேர் உறவானது. கோவிடில் இறந்தவர்களுக்காக 2022 மே மாதம் இங்கிலாந்தில் பெட்வொர்த் என்ற பழைய சுரங்கத் தொழிலாளர் ஊரின் பூங்காவில், சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரக்கோபுரம் எழுந்தது. வடிவமைத்தவர் அமெரிக்கச் சிற்பி டேவிட் பெஸ்ட். 2000-இல், விபத்தில் போன நண்பருக்காக நெவாடா பாலைவனத்தில் அவர் முதலில் கட்டியது, பொம்மைத் துண்டுகள் வெட்டி எடுத்தபின் எஞ்சிய பலகைகளால் ஆனது. முன்பின் தெரியாதவர்கள் வந்து அதில் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். அதுவே அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. பெட்வொர்த்திலும் ஒரு வாரம் ஜனங்கள் வந்து மரத்தில் எழுதினார்கள், படங்களை வைத்துவிட்டுப் போனார்கள். மே 28 அன்று ஊர்கூடி அதை எரித்தது.

எரிப்பது நமக்கு வேண்டாம். நம் ஆட்களை ஒருமுறை எரித்தாகிவிட்டது, நாம் பக்கத்தில் இல்லாமலே. ஆனால் அந்த ஜனங்கள் மரத்தில் கைவைத்தார்கள் பாருங்கள், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிவேலி போடவே கூடாது. கைக்கு எட்டாத உயரத்தில் எதையும் வைக்காதீர்கள்.

தியானத்துக்கு எங்கும் போக வேண்டாம். நம் துக்கவீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். பந்தலுக்குக் கீழே வாடகை பெஞ்சில் வந்து உட்காரும் மனிதர் என்ன செய்கிறார்? துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் அரைமணி நேரம் இருக்கிறார். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போகிறார். ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லாதவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே போதும் நமக்கு. 2021-இல் துக்கம் விசாரிக்க யாரும் வர முடியவில்லை. உங்கள் வீட்டு வாசலில் அந்த பெஞ்ச் போடவே இல்லை.

ஒன்பதடி இலுப்பையை நிமிர்த்தாதீர்கள், கிடக்கட்டும். ஒரு ஓரத்தில் அந்த மனிதரைச் செதுக்குங்கள். குனிந்த தலை, சுருட்டிய துண்டு, பெரிய கைகள். முகத்தில் அதிகம் உளி படவேண்டாம். மிச்சம் ஆறடியையும் உட்காரும்படி வழவழவென்று இழைத்து விட்டுவிடுங்கள். பக்கத்தில் வந்து உட்காருபவரின் தோள் அவர் தோளில் இடிக்க வேண்டும். அந்த உயரம் சரியாக அமைவதுதான் இந்தச் சிற்பத்தின் வேலை முழுவதும். பாதத்தைவிட, மூக்கைவிட அதற்கு நேரம் கொடுங்கள்.

உளியை எடுக்கும் முன் ஒரு காரியம். கட்டையை அப்படியே குளக்கரைக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் போட்டு வையுங்கள். யார் யார் வந்து உட்காருகிறார்கள், எந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருகிறார்கள், குளத்தையா, சாலையையா, என்று பாருங்கள். முதலில் உங்கள் அம்மாவை அழைத்துப்போய் உட்கார வையுங்கள். அவர் உட்கார்ந்ததும் தோளுக்கு நேராகச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அளவு அங்கிருந்து தொடங்கட்டும்.