எரிமலைக்குள் நடக்க வழிகாட்டி வேண்டுமா?

"பாதைதான் இருக்கிறதே, எரிமலை டூருக்கு வழிகாட்டி என்று ஒரு ஆளுக்கு வேறு ஏன் தண்டம் அழ வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிக்கு டிக்கெட் போட்டுவிட்டு, பக்கத்தில்தானே ஈஜென் எரிமலை என்று யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

கிழக்கு ஜாவாவின் காவா ஈஜெனில், நடை தொடங்கும் பால்டுடிங் வாசலிலிருந்து எரிமலை வாயின் விளிம்பு வரை சுமார் 3 கிலோமீட்டர். அகலமான பாதை, முன்னால் போகிறவர் டார்ச்சைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடலாம். விளிம்பிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கும்போதுதான் வழிகாட்டியின் அருமை தெரியும்.

எங்களுக்கு வந்தவர் முன்னாள் கந்தகச் சுமைக்காரர். தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. நீல நெருப்பு இருட்டில்தான் தெரியும் என்பதால் நடுராத்திரி நடை. செங்குத்தான கல்லும் கரடும். எதிரே 70, 80 கிலோ கந்தகத்தைக் காவடி மாதிரி இரண்டு கூடையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஏறி வருகிறார்கள். வழிகாட்டி என்னை மலைப்பக்கமாக ஒதுங்கச் சொன்னார். நான் மரியாதை என்று நினைத்துப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தேன்.

கீழே கந்தக வாயுவைக் குழாய்களில் இறக்கி ஆறவைக்கிறார்கள். சிவப்பாக வடிந்து, இறுகி மஞ்சளாகிறது. கடப்பாரையால் உடைத்து எடுக்கிறார்கள். சர்க்கரையை வெளுக்கக்கூட இது போகிறதாம். (நாட்டுச் சர்க்கரைக்காரர்கள் குதிக்க வேண்டாம், நான் இன்னும் வெள்ளைச் சர்க்கரைதான் போடுகிறேன்.) குழாய்க்குள் போகாமல் பிளவுகளில் தப்பும் வாயு, காற்றுப் பட்டதும் நீலமாக எரிகிறது. கேஸ் அடுப்பைச் சரிவில் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

அதைப் பார்க்கத்தான் அந்த முட்டாள்தனம் செய்தேன். மாஸ்க்குக்குள் விட்ட மூச்சில் மூக்குக்கண்ணாடி மூடிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தேன். பத்து விநாடி இருக்கும். காற்று திரும்பியது. நூறு தீப்பெட்டியை ஒரேயடியாக மூக்குக்குள் கொளுத்தியதுபோல் ஓர் எரிச்சல். கண் திறக்கவில்லை, இருமினால் நிற்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்தது அந்த மனிதர்தான். ஈரத் துண்டை முகத்தில் அழுத்தி, மாஸ்க்கை மாட்டி, வாரை இறுக்கி, புகைக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். தனியாக இருந்திருந்தால் கண் தெரியாமல் எந்தப் பக்கம் ஓடியிருப்பேனோ. ஒரு பக்கம் ஏரி. பார்க்க மயில் கழுத்து நிறம், உள்ளே பேட்டரி ஆசிட்.

"அப்போ வழிகாட்டி இருந்தால் உயிருக்கு உத்தரவாதமா?" என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கிருந்த 47 பேரும் டூரில் போனவர்களும் அழைத்துப் போனவர்களும்தான். இறந்த 22 பேரில் வழிகாட்டிகளும் உண்டு. மலை வெடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காற்று திரும்பினால் என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வழியாக விளிம்புக்கு ஏறி வந்த பிறகு முட்டி மடங்கவில்லை. அங்கே "டாக்சி, டாக்சி" என்று தள்ளுவண்டிக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏறி உட்கார்ந்து இறங்கி வந்தேன். மனிதனை மனிதன் இழுக்கலாமா என்று பாடம் எடுக்கப்போகிறவர்களுக்கு: எனக்கு வயது 56, பேரமே பேசாமல் கேட்டதைக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் முன்பு கந்தகம் சுமந்தவர். நான் 78 கிலோ. அவர் சுமந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதுவும் தோளில்.

ஆனால் கூட வந்த மச்சினன் அதைப் படம் பிடித்து, "மாமாவின் பல்லக்கு ஊர்வலம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பள்ளத்துக்குள் இறங்கி ஏறிய படம் ஒன்றுகூட இல்லை. பள்ளத்துக்கே வராமல் மேலே உட்கார்ந்து பிஸ்கட் தின்றவன் அவன்! இரண்டு வருடமாகக் கல்யாண வீட்டுக்குப் போனால் "பல்லக்கு எங்கே?" என்று கேட்கிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போகிறீர்கள் என்றால், எங்களிடம் வாசலில் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் டூர்க்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கண்ணாடி போடுகிறவர் என்றால் மாஸ்க்கை முந்தின நாளே வாங்கி மாட்டிப் பாருங்கள். வெள்ளி எதையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். என் காப்பு கறுத்தது கறுத்ததுதான், விபூதி போட்டுத் தேய்த்தும் பழைய நிறம் வரவில்லை.