ஒரே பெயர், வேறு வேறு சரக்கு: கேமிங் லேப்டாப் கேள்வி-பதில்

கல்லூரி திறக்கும் நேரம் என்பதால் இந்த வாரம் கேமிங் லேப்டாப் கடிதங்களே அதிகம்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு பார்த்தேன். ஒன்றில் ஐ7 பிராசஸர், மற்றதில் ஐ5. ஐ7 தானே பெரியது? – கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள் தம்பி. அது ‘யு’ என்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கச் செய்தது. ‘ஹெச்’ அல்லது ‘ஹெச்எக்ஸ்’ என்றால் கேமுக்குத் தாங்கும். ‘யு’ போட்ட ஐ7ஐ விட ‘ஹெச்’ போட்ட ஐ5 உங்களுக்கு நல்லது.

கேள்வி: மகனுக்கு இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். தடிமனானது 94,000 ரூபாய். மெலிசானது 1,06,000. விலை கூடினால் வேகமும் கூடும்தானே? – ஒரு தந்தை, திருச்சி

பதில்: கூடாது சார். இந்த இரண்டில் விலை குறைந்ததே வேகமாக ஓட நிறைய வாய்ப்பு இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பணத்தை விட்டிருக்கிறேன்.

ஆர்டிஎக்ஸ் 4060 என்ற லேப்டாப் கார்டுக்கு அதை வடிவமைத்த என்விடியா கம்பெனி அனுமதிக்கும் மின்சார அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். உள்ளே பெரிய ஃபேனும் சூடு வெளியேற இடமும் இருந்தால் முழு வாட் கொடுப்பார். உடம்பு மெலிசு என்றால் குறைத்துவிடுவார். இரண்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான், கடைக்காரர் சொல்லும் பெயரும் ஒன்றுதான். 2020 வரை குறைந்த வாட் கார்டுகளுக்கு ‘மேக்ஸ்-கியூ’ என்று தனிப் பெயராவது இருந்தது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது அந்தப் பிரிவும் போய்விட்டது. அரிசி மூட்டையில்கூட எடை அச்சிடாமல் விற்க முடியாது. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளின் முக்கியமான எண்ணை விலைச் சீட்டில் போடாமல் விற்கிறார்கள். இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

சில வருடங்களுக்கு முன் நான் மெலிசு என்று ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். அதே பெயருள்ள கார்டுடன், 12,000 ரூபாய் குறைவான தடித்த லேப்டாப்பை என் அண்ணன் மகன் வாங்கினான். ஒரே கேமை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். என்னுடையது திணறியது. அப்புறம் பார்த்தால் என் கார்டுக்குக் கிடைத்தது 60 வாட்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று அங்கே இருக்கும். கடைக்காரர் மறுத்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். கார்டுக்கே 115 வாட் வேண்டும், பிராசஸருக்கு 45 வாட்டாவது வேண்டும். அடாப்டரில் 120 வாட் என்று போட்டிருந்தால் முழு வேகம் எங்கிருந்து வரும்? 200 வாட்டுக்கு மேல் இருந்தால் நம்பலாம். எடையையும் மகனிடம் சொல்லிவிடுங்கள்: தடித்த லேப்டாப், அடாப்டர் இரண்டும் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும்.

கேள்வி: பேட்டரியில் கேம் ஆடலாமா? – பள்ளி மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஆடலாம், ஆனால் வேகம் குறையும், சார்ஜும் சீக்கிரம் தீரும். பிளக்கில் போட்டு ஆடுங்கள்.

கேள்வி: மகனுக்காக உள்ளூர் கடையில் 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒன்பதாம் நாளே திரை மினுக்கத் தொடங்கியது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் அனுப்பிவிட்டார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் வாரண்டி ஏழு மாதம் முன்பே தொடங்கிவிட்டது என்கிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கியது. – ஒரு தாய், சேலம்

பதில்: அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பில் வைத்திருக்கிறீர்கள், அது போதும்.

முதலில் வாரண்டி. பெட்டி கம்பெனியிலிருந்து கிளம்பிய தேதியைத்தான் அவர்கள் கணினி காட்டுகிறது. பில்லின் நகலைக் கொடுத்து, வாங்கிய தேதியிலிருந்து திருத்தித் தரச் சொல்லுங்கள். வழக்கமாகத் திருத்துவார்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, அது லேப்டாப்பின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்து கடைக்காரர். பில்லில் அந்த வாசகத்தை அச்சடித்துவிட்டால் சட்டம் போய்விடாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் வேறு கெடு இல்லையென்றால் 30 நாள் கணக்கு. நாளைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. திரை மினுக்குவதை இப்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். என்ன நடந்தது என்று மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 6,000 குறைத்தார்கள், வாங்கிவிட்டேன். ஐந்தே மாதத்தில் மதர்போர்டு போய்விட்டது. கடைக்காரர் என்னை யாரென்றே தெரியாது என்கிறார். – தொழில்நுட்ப ஊழியர், சென்னை

பதில்: இதைப் பத்து முறையாவது எழுதியிருப்பேன். பில்லை விட்டுக்கொடுத்தது நீங்கள். சேலத்து அம்மாவுக்கு இருக்கும் ஆதாரம் உங்களிடம் இல்லை. சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பிழைத்தீர்கள். ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு மாடலுக்கும் 5,000 ரூபாய்தான் வித்தியாசம். திரையில் ஒன்றுக்கு ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’, மற்றதற்கு ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று இருக்கிறது. வீடியோ எடிட்டிங்கும் செய்வேன். – மதுரை வாசகி

பதில்: இரண்டுமே திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகள். இரண்டாவதை வாங்குங்கள். முதலாவதில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். நீங்கள் எடிட் செய்த வீடியோ மற்றவர் போனில் வேறு நிறத்தில் தெரியும். ரேமைப் பல மாடல்களில் பிறகு கூட்டலாம், திரையை மாற்றுவது பெரிய செலவு.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து வருகிறார். அங்கே விலை குறைவு. வாங்கி வரச் சொல்லலாமா? – கோவை வாசகர்

பதில்: சுங்கத்தில் சிக்கல் இல்லை. 18 வயது ஆனவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அங்கே விலைச் சீட்டில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. டல்லாஸில் 8.25 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மாடலின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். கேமிங் மாடல்கள் பலவற்றுக்குச் செல்லாது. செல்லாது என்றால் 15,000 ரூபாய் மிச்சத்துக்காக வாங்க வேண்டாம்.

கேள்வி: 4,500 ரூபாய்க்குக் கடையிலேயே இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி தருகிறார்கள். எடுக்கலாமா? – வேலூர் வாசகர்

பதில்: லேப்டாப் கம்பெனியே தருவது என்றால் எடுங்கள். கடை தருவது என்றால் வேண்டாம். நான் ஒருமுறை கடையின் காகிதத்துக்குப் பணம் கட்டினேன். கீல் உடைந்தபோது, அது வெளிப்புற பாகம், சேராது என்றார்கள். கம்பெனியின் வாரண்டியை லேப்டாப் வாங்கிய பிறகும், முதல் வாரண்டி முடிவதற்குள் அவர்கள் இணையதளத்திலேயே வாங்க முடியும். கடையில் அன்றைக்கே முடிவு செய்யச் சொல்லி அவசரப்படுத்தினால் காது கொடுக்காதீர்கள்.