கொலுவுக்கு வாங்கிய பேட்டரி லைட்டை கரண்டில் எரிய வைக்க முடியுமா?

முடியும். ஆனால் பேட்டரி டப்பாவை வெட்டிப் போட்டுவிட்டு ஒயரை நேராக பிளக்கில் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூன்று பென்சில் செல் போடும் லைட்டுக்கு வேண்டியது 4.5 வோல்ட் டிசி. சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி. சொருகிய நொடியே மொத்த சரமும் போய்விடும். அது மட்டும் போனால் உங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மொபைல் சார்ஜரே இந்த வேலைக்குப் போதும். அது தருவது 5 வோல்ட் டிசி, அதாவது 4.5க்கு மிகப் பக்கத்தில். 1 ஆம்ப், 2 ஆம்ப் என்று அதில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது சார்ஜர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு. லைட் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். ஃபாஸ்ட் சார்ஜரும் போனோடு பேசி முடிக்காமல் 5 வோல்ட்டைத் தாண்டாது. சார்ஜர் பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள, எல்லா வீட்டிலும் இருக்கும் சாதா கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளை வெட்டிச் சேர்த்தால் சார்ஜர் கரண்டே தராது.

கேபிளின் போன் பக்க முனையை வெட்டினால் பெரும்பாலும் நான்கு ஒயர் இருக்கும். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு, அவற்றை வெட்டி மடக்கி டேப் சுற்றிவிடுங்கள். மலிவான கேபிளில் நிறத்தை நம்ப முடியாது, மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது முக்கியமான இடம். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று செல்லும் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, உட்காரும் அந்த டப்பாவில், லைட் பக்கம் ஒயர் கிளம்பும் இரண்டு தகடுகள் இருக்கும்: ஒன்று ஸ்பிரிங், அது மைனஸ், இன்னொன்று தட்டை, அது பிளஸ். மற்றவை செல்லுக்குச் செல் இணைக்கும் தகடுகள். அந்த இரண்டு கடைசித் தகடுகளில் கேபிள் ஒயரை ஈயம் வைத்து ஒட்டினால் போதும். சுவிட்சும், உள்ளே கரண்டை மட்டுப்படுத்தும் சின்ன ரெசிஸ்டரும் அப்படியே வேலை செய்யும். ரிமோட், டைமர், மினுக் மினுக் மோடு எல்லாம் உள்ள டப்பாவில் ஒரு சிப்பும் இருக்கும், அதனால் பிளஸ் மைனஸ் மாறவே கூடாது. சார்ஜரில் ஓடும்போது டப்பாவில் செல் இருக்கக் கூடாது. சாதா செல்லுக்குள் கரண்ட் திருப்பி ஏறினால் சூடாகி ஒழுகும்.

5 வோல்ட் கொஞ்சம் அதிகம் இல்லையா என்று கேட்கலாம். அதிகம்தான். புது அல்கலைன் செல் மூன்றே 4.8 வோல்ட் வரை காட்டும், ஆனால் எரிய ஆரம்பித்ததும் இறங்கிவிடும். சார்ஜர் இறங்காது. அதனால் பிளஸ் ஒயரில் 1என்4007 டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் சின்ன பாகம்) ஒன்றைத் தொடராகச் சேர்த்துவிடுங்கள், வெள்ளிக் கோடு லைட் பக்கம் இருக்க வேண்டும். அது 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், லைட்டுக்கு 4.3 போகும். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். வெளிச்சம் குறைந்ததாகக் கண்ணுக்கே தெரியாது.

பட்டன் செல் லைட் வேறு கதை. சிஆர்2032 செல்லால் அதிகக் கரண்ட் கொடுக்க முடியாது. அந்த பலவீனத்தை நம்பியே பெரும்பாலானவற்றில் ரெசிஸ்டர் வைக்காமல் விட்டிருப்பார்கள். அதை அப்படியே சார்ஜரில் மாட்டினால் எல்இடி பளீரென்று எரிந்து, சூடாகி, சீக்கிரம் கருகும். 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து ஆரம்பியுங்கள், மங்கலாக இருந்தால் 68, 47 என்று இறங்கி வாருங்கள். அரை வாட் ரெசிஸ்டர் தாராளம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கொலுவுக்கு வேண்டும் என்பேன். என்னிடம் உள்ள 20 பல்பு சரம் 60 மில்லி ஆம்ப் இழுக்கிறது. பென்சில் செல்லின் கொள்ளளவை 2000 மில்லி ஆம்ப்-மணி என்று வைத்தாலும் 33 மணி நேரம்தான். தினம் ஐந்து மணி நேரம், ஒன்பது நாள் என்றால் 45. சரஸ்வதி பூஜைக்கு முன்பே மங்க ஆரம்பித்துவிடும், அதுவும் நான்கு படிக்கு நான்கு சரம் என்றால் பன்னிரண்டு செல். நான்கையும் பக்கவாட்டில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைத்து ஒரே சார்ஜரில் ஓட்டினால் மொத்தமே கால் ஆம்ப்புக்குள்தான். பவர் பேங்க்கில் ஓட்டலாமே என்று தோன்றும். ஒற்றைச் சரம் இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் பல பவர் பேங்க் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும்.

பரணில் கிடக்கும் பழைய ரேடியோ எலிமினேட்டரை (செல்லுக்குப் பதில் ரேடியோவை கரண்டில் ஓட்டும் அடாப்டர்) இதற்கு எடுக்க நினைத்தால், அது கனமாக, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக இருந்தால், 4.5 என்று எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பாருங்கள். எதுவும் மாட்டாதபோதும், மாட்டியது குறைந்த கரண்ட் இழுக்கும்போதும், அது எழுதியிருப்பதைவிட அதிக வோல்ட் தரும்.

யூடியூபில் கெபாசிட்டர் ஒன்றை வைத்து 230 வோல்ட்டிலேயே நேரடியாக எரியவிடும் வீடியோக்கள் நிறைய வரும். எரியும், பொய்யில்லை. ஆனால் அந்தச் சுற்றில் மெயின்ஸுக்கும் (சுவரில் வரும் 230 வோல்ட்) சரத்துக்கும் நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது. ஃபேரி லைட்டின் செம்புக் கம்பிக்கு இருக்கும் காப்பு வெறும் வார்னிஷ் பூச்சு, நகம் பட்டாலே உரியும். படிக்குப் பக்கத்தில் குழந்தைகள், வெள்ளித் தட்டு, ஆரத்தித் தண்ணீர். நல்ல சார்ஜரில் மெயின்ஸ் உள்ளேயே தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை உள்ள சார்ஜராகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன். சாலையோரம் ஐம்பது ரூபாய்க்கு விற்கும் பெயர் தெரியாத சார்ஜரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஈயம் வைக்கத் தெரியாது என்றால் தெருமுனை மொபைல் ரிப்பேர் கடையில் டப்பாவையும் கேபிளையும் கொடுங்கள், பத்து நிமிட வேலை. இனிமேல்தான் லைட் வாங்கப் போகிறீர்கள் என்றால், யூஎஸ்பி முனையோடே வருவதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.